நாற்பத்தோராவது ஆள்

அல்மேரியா
6 டிசம்பர் 2009

ஜேனபா,

உடம்பு சுகமா, வீடு சுகமா, தெரு சுகமா என்று வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டு விஷயத்துக்கு வரும் பொறுமை இன்று எனக்கில்லை. தபஸ்கிப் பெருநாள் அன்று உனக்கு ஐந்து தடவை போன் செய்தேன். ஐந்து தடவையும் நீ எடுத்தாய். "அலோ, யாரு? ஒண்ணுமே கேக்கல. வெறும் அலைச் சத்தம்தான் வருது" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் இந்தப் பக்கம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அறுத்த ஆட்டின் ஈரல் யாருக்கு என்று நீ அண்ணன் வீட்டுப் பெண்களோடு மல்லுக்கு நின்றது வரை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் நின்ற இடத்தில் கடல் கிடையாது. தக்காளித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் நின்றுதான் பேசினேன். இங்கிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் பஸ் பிடிக்க வேண்டும்.

அக்டோபரில் நாம் போட்ட சண்டைக்காக நீ இப்படி நடிக்கிறாய் என்றால், போதும். நான் பாதியில் போனை வைத்தது தப்புதான். ஆனால் மூன்று வருஷமாகச் செடிகளுக்கு நடுவே குனிந்தே கிடப்பவனிடம் எடுத்த எடுப்பில் "அந்த ஸ்பெயின்காரி யாரு?" என்று கேட்டால் கோபம் வராதா? வந்தது. இறங்கியும் விட்டது.

போனை இனி நம்ப முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் போடு.

மஸ்ஸேர்


கெத் ந்தார், செயின்ட் லூயி
20 டிசம்பர் 2009

என் கணவருக்கு,

நடிக்கிறாய் என்று நீங்கள் சொன்னால், நடிப்பது யார் என்று நானும் கேட்பேன். போனில் அலைச் சத்தம் மட்டும்தான் வந்தது, அல்லாஹ் மேல் ஆணை. என்னோடு பேசப் பிடிக்காமல் போனைக் கடலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறீர்கள் என்று நினைத்துப் பெருநாளும் அதுவுமாக அழுதேன்.

உங்கள் கடிதம் நனைந்து வந்தது. தபால்காரரைத் திட்டினேன். "மத்த கடுதாசியெல்லாம் காஞ்சுதானே கெடக்கு. உன்னோடது மட்டும் எப்படிம்மா நனையும்?" என்று பையைத் திறந்து காட்டினார். இங்கே மழையும் இல்லை.

நடிப்பு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு படத்தில் நடித்திருக்கிறேன். டக்காரிலிருந்து சோக்னா என்று ஒரு பெண் வந்தாள். பதினான்கு நிமிஷக் குறும்படம். கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். பதினான்கு நிமிஷமும் காத்திருப்பதுதான் கதை. "இதுல நடிக்க என்ன இருக்கு? மூணு வருஷமா ஒத்திகைதானே பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டு என்னையே அந்த வேஷத்துக்குப் போட்டுவிட்டாள்.

கடைசிக் காட்சியில் அவன் இறந்ததாக முடிவு செய்து கடற்கரையில் ஜனாஸா தொழுவார்கள். நம் தெரு ஆண்கள் நாற்பது பேரை வரிசைக்குப் பத்தாக நான்கு வரிசை நிறுத்தினாள். "சும்மா கையக் கட்டிட்டு நின்னா போதும்" என்றாள். இமாம் மொக்தார் கேட்கவில்லை. "தொழுகையில சும்மான்னு ஒண்ணு கிடையாது மகளே. கையக் கட்டினா தொழணும். தொழாம கட்டினா பாவம்" என்றார். உடல் இல்லாமல் ஜனாஸா தொழுவது நம் வழக்கமில்லையே என்றும் முணுமுணுத்தார். கடல் கொண்டு போனவர்களுக்கு இந்தத் தெருவில் எப்போதும் உண்டு என்று உங்கள் அண்ணன் மோமர்தான் எடுத்துக் கொடுத்தார்.

"பேரு?" என்று இமாம் கேட்டார். கதையில் செத்தவனுக்குப் பெயரே வைக்கவில்லை. "பேரில்லாம யாருக்குத் தொழறது?" என்று நின்றுவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விதவையின் வெள்ளை அங்கியில் நின்றுகொண்டிருந்தேன். அழுகை உண்மையாக வரட்டும் என்று உங்கள் பெயரைச் சொன்னேன்.

அழுகை நன்றாக வந்தது. ஒரே தடவையில் எடுத்துவிட்டார்கள். நான் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். அது நவம்பர் பதினெட்டு. இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜேனபா


அல்மேரியா
4 ஜனவரி 2010

ஜேனபா,

உனக்குப் பைத்தியமா? உயிரோடு இருப்பவன் பெயரைச் சொல்லி நாற்பது பேரை ஜனாஸாவுக்கு நிறுத்தியிருக்கிறாய். கோபப்பட ஒன்றுமில்லையாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாட்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். நவம்பர் பத்தொன்பது காலையில் நான் எழுந்தபோது இரண்டு சட்டைக் கைகளும் நனைந்திருந்தன. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன். ஒழுகவில்லை. அன்றிலிருந்து தினமும் நனைந்திருக்கின்றன. நக்கிப் பார்த்தேன், உப்பு. படுக்கையில் மணல். நம் கடற்கரையின் கருமணல் கலந்தது, எனக்குத் தெரியாதா?

தோட்டத்தில் மேஸ்திரி காலையில் பதினாறு பெயர் வாசிப்பான். இப்போது பதினைந்து வாசிக்கிறான். நான் கையைத் தூக்கினால் என்னைத் தாண்டிப் பின்னால் இருக்கும் செடியைப் பார்க்கிறான். பஸ் நான் ஏறுவதற்குள் கதவை மூடிக்கொள்கிறது. குளிருக்கு எல்லோர் மூச்சும் பிளாஸ்டிக்கில் படிகிறது. என்னுடையது படியவில்லை. முகத்தை ஒட்ட வைத்து ஊதியும் பார்த்துவிட்டேன்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி ரெமெதியோஸ் எனக்குச் சாப்பாட்டுத் தட்டு வைப்பதை நிறுத்திவிட்டாள். வாசல் மணியின் கீழே ஒட்டியிருந்த என் பெயரைப் போன வாரம் நகத்தால் சுரண்டி எடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் கடிதம் வந்தபோது உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யார் இந்த மஸ்ஸேர்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு மேஜையில் போட்டுவிட்டுப் போனாள். அவள் போனதும் எடுத்துக்கொண்டேன்.

நீதானே கட்டினாய், நீயே அவிழ். அந்த இமாமிடம் போய்க் கேள்.

மஸ்ஸேர்


கெத் ந்தார்
19 ஜனவரி 2010

என் கணவருக்கு,

எனக்குப் பைத்தியமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி இருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

போன சனிக்கிழமை சோக்னா சொல்லாமல் கொள்ளாமல் டக்காரிலிருந்து வந்து நின்றாள். கதவைச் சாத்திவிட்டுத் தன் கணினியைத் திறந்தாள். "அக்கா, அன்னைக்குத் தொழுகையில எத்தனை பேரு?" "நாப்பது. நீதானே எண்ணி நிறுத்தினே." "இப்ப எண்ணுங்க." எண்ணினேன். நாற்பத்தொன்று.

முதுகுப் பக்கமிருந்து எடுத்த காட்சி. இரண்டாவது வரிசையில் வலது ஓரத்தில் பதினோராவதாக ஒருவர் நிற்கிறார். நீலச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கிறது. பிடரியில் தூண்டில் கிழித்த தழும்பு. அந்தத் தழும்புக்கு மூன்று நாள் மருந்து போட்டவள் நான். எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு குடித்தேன்.

அவள் சொன்னதைக் கேளுங்கள். நவம்பரில் முதலில் போட்டுப் பார்த்தபோது அந்த ஆள் கடைசி வரிசையில் நின்றாராம். யாரோ தாமதமாக வந்து சேர்ந்துகொண்டார் என்று விட்டுவிட்டாள். டிசம்பர் பிறை பார்த்த பிறகு மூன்றாவது வரிசை. இப்போது இரண்டாவது. பயந்துபோய் அந்தக் காட்சியையே வெட்டி எடுத்துப் போட்டாளாம். வெட்டிப் போட்ட துண்டிலும் அவர் முன்னேறுகிறார். "முதல் வரிசைக்கு முன்னாடி என்னக்கா இருக்கும்?" என்று கேட்டாள். இமாம் நிற்பார். இமாமுக்கு முன்னால் உடலை வைப்பார்கள். கடல் கொண்டு போனவர்களுக்கு அந்த இடம் காலியாகக் கிடக்கும்.

பிறைக்கு ஒரு வரிசை என்றால் நான்கு மாதம். அதற்குப் பிறகு அந்தக் காலி இடம். விதவை மறுமணமின்றிக் காத்திருக்கும் இத்தா நான்கு மாதம் பத்து நாள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் இருபத்தேழில் முடிகிறது.

தெருவும் மாறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி மீன்சோறு கொண்டுவந்து, "அல்லாஹ் உனக்குப் பொறுமையைக் குடுக்கட்டும்" என்கிறாள். "என்னடி இது, மூணு வருஷமா அவரு போன்ல பேசறது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டால், "எந்தப் போனு? அவரு ஸ்பெயினுக்கு ஏறின படகுதான் கரை சேரவே இல்லையே ஜேனபா" என்று என் தலையைத் தடவுகிறாள். விளையாடவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைவிருக்கிறது அவளுக்கு. உங்கள் அண்ணனுக்கும் அப்படியே. வெள்ளை அங்கியைத் திரும்பப் போட்டு இத்தாவை ஒழுங்காக முடிக்கச் சொல்கிறார். முடித்ததும் தம்பி மனைவியைத் தான் கட்டிக்கொள்வது முறை என்கிறார். முதல் வரிசையில் நின்று மனமுருகத் தொழுதவர் அவர்தான்.

இமாமிடம் போனேன். அவருக்கு இரண்டு விதமாகவும் நினைவிருக்கிறது போல. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "தொழுததைத் திருப்பித் தொழ முடியாது மகளே" என்றார்.

இன்னொன்று. நண்பகலில் நம் அறையின் சிமெண்டுத் தரையில் ஈரக் கால்தடம் விழுகிறது. கதவிலிருந்து கட்டிலின் கால்மாடு வரை வருகிறது. திரும்பிப் போன தடம் இல்லை.

அழுகைக்காகப் பெயரைச் சொன்னேன் என்று எழுதியிருந்தேன். அது பாதிதான். அதற்கு முந்தின நாள் உங்கள் அண்ணன் வந்து, "அவன் அங்க அந்தப் பொம்பளையப் பதிவு பண்ணிக் கட்டிக்கப் போறான்" என்றார். இமாம் பெயர் கேட்டபோது, நீங்கள் செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். செத்தவருக்காக ஊர் பார்க்க அழலாம். இன்னொருத்தி வீட்டில் இருப்பவருக்காக எங்கே போய் அழுவது? நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டாம். உண்மையை மட்டும் எழுதுங்கள்.

ஜேனபா


அல்மேரியா
2 பிப்ரவரி 2010

ஜேனபா,

உண்மை கேட்டாய். எழுதுகிறேன். இப்போது எனக்குப் பொய் சொல்ல ஆளில்லை.

அண்ணன் சொன்னது சரி. ரெமெதியோஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவன் இல்லை. அவளைப் பதிவு செய்துகொண்டால் எனக்கு இங்கே இருக்கக் காகிதம் கிடைக்கும். அவளுக்குத் தோட்டத்தையும் மாடிப்படியையும் பார்த்துக்கொள்ள ஒருவன் கிடைப்பான். வெறும் கையெழுத்துதான் என்று முதலில் நினைத்தேன். பிறகு சாயங்காலங்களில் அவள் எதிரே உட்கார்ந்து சூப் குடிக்கப் பழகிவிட்டேன். அவள் என் பெயரைத் தப்பாகச் சொல்வதுகூடப் பிடித்துப்போனது. அதுதான் உன்னிடம் சொல்ல முடியாத பகுதி. அக்டோபரில் நான் போனை வைத்தது அதனால்தான்.

இப்போது அவளும் என்னைப் பார்ப்பதில்லை. மேஸ்திரியின் பதினைந்து பேரும் என்னை இடித்துக்கொண்டு போகிறார்கள், மன்னிப்புக்கூடக் கேட்பதில்லை. முதலில் பயமாக இருந்தது. இப்போது இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

நண்பகலில் செடிக்குக் கயிறு கட்டும்போது கண்ணை மூடுகிறேன். காலடியில் சிமெண்டு சில்லென்று இருக்கிறது. நம் அறை. நீ தலைவாரிக்கொண்டிருக்கிறாய். இடது பக்கத்தை முதலில் பிரிக்கிறாய், பாதியில் கை வலித்து நிறுத்துகிறாய். என் கடிதங்களைச் சாம்பிராணிச் சட்டிக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருக்கிறாய். போன செவ்வாய்க்கிழமை நீ கதவைச் சாத்தாமல் விட்டாய். எனக்காகத்தானே?

மூன்று வருஷத்தில் உன்னிடம் இவ்வளவு பக்கத்தில் நான் நின்றதில்லை. நாற்பது பேர் எனக்காகக் கை கட்டி நின்றதும் இதுதான் முதல் தடவை. படகில் என்னை ஏற்றிவிட்ட அன்று நாலு பேர்கூட வரவில்லை.

விட்டுவிடு, ஜேனபா. முன்னால் வந்து படுத்துக்கொள்கிறேன். பிறகு எப்போதும் உன் கால்மாட்டிலேயே இருப்பேன். வேறென்ன வேண்டும் நமக்கு?

மஸ்ஸேர்


கெத் ந்தார்
17 பிப்ரவரி 2010

என் கணவருக்கு,

சாம்பிராணிச் சட்டியைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். அது ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

கதவைச் சாத்தாமல் விட்டது உங்களுக்காகத்தான். ஒளிப்பானேன்? நண்பகல் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். கால்தடம் கட்டிலருகே வந்து நிற்கும். தண்ணீர் கொஞ்சம் தேங்கும். அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். உங்களோடு இருந்த நாட்களில் உங்களை இப்படி ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததே இல்லை. அந்த ரெமெதியோஸுக்கு இது கிடைக்காது என்று ஒரு அற்ப சந்தோஷமும் உண்டு.

நேற்று சோக்னா போன் செய்தாள். முதல் வரிசைக்கு வந்துவிட்டீர்கள். அண்ணனுக்குப் பக்கத்தில், தோளோடு தோள்.

இரவெல்லாம் யோசித்தேன். கால்மாட்டில் நிற்கும் தண்ணீரோடு குடும்பம் நடத்த முடியாது. எனக்கு வேண்டும் என்பதற்காக உங்களைச் சாக விடவும் முடியாது. நீங்கள் எங்கேயாவது மூச்சுவிட வேண்டும், அது அவள் வீடாக இருந்தாலும் சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. ஒருவேளை தெரியும், பக்கத்தில்தான் நின்றிருப்பீர்கள்.

வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை வலைக்காரர் மகள் ஒருத்தி இமாமிடம் வந்தாள். அவள் கணவன் இத்தாலியிலிருந்து கடிதத்தில் தலாக் எழுதி அனுப்பியிருக்கிறான். செல்லுமா என்று கேட்டாள். இமாம், "எழுதினதும் சொன்னதும் ஒண்ணுதான் மகளே. எழுதின அன்னைக்கு அவன் உயிரோட இருந்தானா, அது மட்டும்தான் கணக்கு. செத்தவன் தலாக் சொல்ல முடியாது" என்றார். நான் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

செத்தவன் தலாக் சொல்ல முடியாது. அப்படியென்றால், நீங்கள் எழுதிய தலாக்கை இமாம் தெரு முன்னால் ஏற்றுக்கொண்டால் நீங்கள் செத்தவர் இல்லை. நான் விதவை இல்லை. அண்ணன் என்னைக் கேட்க முடியாது. தொழுததைத் திருப்பித் தொழ முடியாது. ஆனால் இது தொழுகை இல்லையே.

எனக்குத் தலாக் எழுதி அனுப்புங்கள். மார்ச் இருபத்தேழுக்கு முன்னால் வந்து சேர வேண்டும். தேதி போடுங்கள். உங்கள் பெயரையும் என் பெயரையும் அழுத்தி எழுதுங்கள், மை கரைகிறது.

ஜேனபா


அல்மேரியா
3 மார்ச் 2010

ஜேனபா,

மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். பேனா கையில் நிற்கவில்லை, விரல்களுக்கு நடுவே நழுவி விழுகிறது. இதை எழுத இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நேற்று கண்ணை மூடியபோது அறை வரவில்லை. மணல் வந்தது. எனக்கு முன்னால் இமாமின் முதுகு மட்டும். அதற்கு அப்பால் ஒரு ஆள் நீளத்துக்குப் பாய் விரித்திருந்தது. வந்து படு என்று யாரும் கூப்பிடவில்லை. ஆனால் கால் தானாகப் போகிறது.

எனக்கு உயிர் வேண்டும். விட்டுவிடு என்று உனக்கு எழுதியவன் யாரோ.

மஸ்ஸேர் ஃபால் ஆகிய நான், என் மனைவி ஜேனபா கே என்பவளை இன்று தலாக் சொல்லிவிட்டேன். ஒரு தலாக். இரண்டும் மூன்றும் இல்லை. ஒன்றுதான். ஏன் ஒன்று என்று உனக்குப் புரியும்.

மஸ்ஸேர் ஃபால்


கெத் ந்தார்
28 மார்ச் 2010

மஸ்ஸேர்,

இனி உன்னை 'நீங்கள்' என்று எழுத எனக்கு உரிமையும் இல்லை, கட்டாயமும் இல்லை. கவிழ்த்த படகுக்கு அடியில் ஒளிந்து விளையாடிய வயதில் நீ என்றுதான் கூப்பிட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

உன் கடிதம் இருபத்துநான்காம் தேதி வந்தது. உறையைத் தூக்கினால் தண்ணீர் சொட்டியது. அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைவதற்குள் பள்ளிவாசல் முற்றத்துக்கு ஓடினேன். உன் அண்ணனும் இருந்தார், அந்த நாற்பது பேரில் பாதிப் பேரும் இருந்தார்கள்.

இமாம் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே எழுதியதெல்லாம் கரைந்து நீலமாகியிருந்தது. தலாக் என்ற சொல்லும், நம் இரண்டு பெயரும், தேதியும் தேறின. வாய்விட்டு வாசித்தார்.

"செத்தவன் எங்கயாவது தலாக் எழுதுவானா? எவனோ எழுதிக் குடுத்திருக்கான்" என்றார் உன் அண்ணன்.

"உங்க தம்பி கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா மச்சான்?" என்றேன்.

"தம்பிதான் போய்ச் சேந்துட்டானே. இமாமே நின்னு தொழுவிச்சாரே, நாங்க நாப்பது பேரும் பின்னால நின்னோமே."

இமாம் கடிதத்தை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "மோமர், உன் தம்பி செத்தான்னு உனக்கு யார் சொன்னது?"

"நீங்க தொழுவிச்சீங்க."

"எனக்கு யார் சொன்னது?"

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொருத்தர் முகத்திலும் எதையோ தேடுவது தெரிந்தது. இமாம் கீழே உட்கார்ந்துவிட்டார். "ஒரு படத்துக்காகச் சொன்னாங்க. நானும் பேரைக் கேட்டு வாங்கி, உயிரோட இருக்கற பிள்ளைக்குத் தொழுவிச்சேன். தப்பு என்னோடது" என்றார். பிறகு எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்தத் தலாக் செல்லும். இவ விதவை இல்ல. மஸ்ஸேர் உயிரோட இருக்கான்."

என் கைக்குள் போன் அடித்தது. எடுத்தேன். அலைச் சத்தம் இல்லை. "ஜேனபா? அங்க வெயில் எப்படி இருக்கு?" என்று கேட்டாய். நாலு மாதம் கழித்து வாய் திறந்தவன் கேட்ட கேள்வி அது. நான் முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் காதிலும் போனை வைத்தேன். அவர் அதைக் கேட்டுவிட்டு, செருப்பை மறந்து வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

சோக்னா எண்ணிப் பார்த்தாளாம். நாற்பது பேர்தான்.

மறுநாள் நண்பகல் தரை காய்ந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாளும்.

ஜேனபா


அல்மேரியா
20 ஏப்ரல் 2010

ஜேனபா,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாம் சுகம். மேஸ்திரி எங்கே போய்த் தொலைந்தாய் என்று பதினைந்து பேர் முன்னால் திட்டினான். ஒருவன் முகத்தைப் பார்த்துத் திட்டுவது இவ்வளவு சுகமா என்று நின்று கேட்டேன். பஸ்காரன் சில்லறை இல்லை என்று சண்டை போட்டான். சட்டை காய்ந்திருக்கிறது. தக்காளி இந்த வருஷம் நல்ல விளைச்சல், கையெல்லாம் பச்சை வாடை.

ரெமெதியோஸ் மறுபடியும் தட்டு வைக்கிறாள். மணியின் கீழே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள், தப்பாகத்தான் எழுதியிருக்கிறாள்.

ஒரு உதவி. பதிவு அலுவலகத்தில் ஜூன் இருபத்தைந்தாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஊரில் எனக்கு மனைவி இல்லை என்பதற்குத் தாள் கேட்கிறார்கள். இமாம் ஏற்றுக்கொண்டதை எழுதி வாங்கி அனுப்ப முடியுமா? அவசரமில்லை. ஆனால் தேதி தாண்டக் கூடாது.

அண்ணனுக்கு என் சலாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

மஸ்ஸேர்


கெத் ந்தார்
7 ஜூன் 2010

மஸ்ஸேர்,

கேட்ட தாள் இத்துடன் இருக்கிறது. இமாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உன் கடிதம் காய்ந்து, மொடமொடவென்று வந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை சோக்னா நம் தெருவுக்கே படத்தைக் கொண்டுவந்து, மீன் கொட்டகைச் சுவரில் துணி கட்டிப் போட்டுக் காட்டினாள். ஊரே வந்தது. நான் காத்திருக்கும் இடங்களில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். தொழுகைக் காட்சி வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு விரலை நீட்டி எண்ணினார்கள். நாற்பதுதான். முதல் வரிசையின் ஓரத்தில், நீ நின்ற இடத்தில், மணல் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

நண்பகலில் இப்போதும் கதவைச் சாத்துவதில்லை. தப்பு என்று தெரியும். உன்னை உயிரோடு வை என்று கேட்டது நானே. அது கிடைத்த பிறகு இப்படித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கே என்மேல் பயம் வருகிறது. செத்த நீ என் கால்மாட்டில் நின்றாய். உயிரோடிருக்கும் நீ மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளித் தக்காளி பறிக்கிறாய்.

நீ ஒரு தலாக் மட்டும் எழுதினாய். ஏன் ஒன்று என்று எனக்குப் புரியும் என்று எழுதினாய். புரிந்தது. இத்தா முடிவதற்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் நான் மறுபடியும் உன் மனைவி. அதற்காகத்தான் ஒன்றோடு நிறுத்தினாய் என்று இரண்டரை மாதமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். இப்போது இந்தத் தாளைக் கேட்கிறாய். அன்று எனக்கு அனுப்பியது உயிருக்காகவா, இந்தத் தாளுக்காகவா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகத் தோன்றுகிறது. எப்படியிருந்தாலும் தாளை அனுப்புகிறேன். உன்னை மறுபடியும் இல்லாதவனாக ஆக்க என்னால் முடியாது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். தலாக்குக்கு இத்தா மூன்று மாதம், இமாம் ஏற்றுக்கொண்ட அன்றிலிருந்து கணக்கு; கடிதம் வந்த பிறகும் அதில் ஒரு வாரம் இருக்கும். அண்ணனை நான் கட்டிக்கொள்ள மாட்டேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்கிறாய். வெயிலைக் கேட்கிறாய், மீன் கிடைத்ததா என்று கேட்கிறாய், தக்காளி விலை சொல்கிறாய். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறாய். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறேன். நீ வைத்துவிடுகிறாய்.

உன் குரல் யாருக்கும் கேட்காமல் இருந்த நாலு மாதத்தில் என்னிடம் எதையும் மறைக்காமல் சொன்னாய். இப்போது நன்றாகக் கேட்கிறது. பேசு, மஸ்ஸேர்.

ஜேனபா